முக்கால் பங்கு

அன்று மாலை கோர்ட் மூடுவதற்குள் நெய்யாற்றின்கரையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டியாக வேண்டும். காலையில் சிவானந்தத்தின் கையில் இருந்தது வெறும் பை.

பாறசாலைச் சந்தையில் கொப்பரைக் கடை வைத்து நிம்மதியாகப் பிழைத்தவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது இரண்டு வாரத்துக்கு முன் நடந்த ஏலம். அவனுடைய அண்ணன் பூதலிங்கம் ஆரியங்கோட்டு ரப்பர் தோட்டத்தை ஒரு பாங்கில் ஈடு வைத்துக் கடன் வாங்கினார். வட்டியும் செலவுமாகக் கடன் ஆறாயிரத்தைத் தாண்டியதும், கோர்ட் தோட்டத்தை ஏலத்துக்குக் கொண்டுவந்தது.

"வேற ஆளு கைக்குப் போகக் கூடாது" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் சிவானந்தம் ஏலத்துக்குப் போனான். எதிரே நின்று கேட்டவன் மரக்கடை வேலாயுதன். அவன் ஒரு தொகை சொல்ல, இவன் அதற்கு மேல் ஒரு தொகை சொல்ல, எட்டாயிரத்தில் முடிய வேண்டியது பதினாறாயிரத்தில் போய் நின்றது. வேலாயுதன் சிரித்துக்கொண்டே ஒதுங்கிக்கொண்டான். அவன் வேண்டுமென்றே விலையை ஏற்றிவிட்டான் என்பது அப்போதுதான் சிவானந்தத்துக்குப் புரிந்தது.

கால் பங்கை அங்கேயே எண்ணி வைத்தான். அது மனைவி பிச்சம்மாளின் நகைகளை அடகு வைத்த பணம். மீதி முக்கால் பங்குக்கு அவனிடம் இருந்தது குழித்துறை வியாபாரி ஈசாக்கின் வாய்ச்சொல்.

"நீரு ஏலத்த எடும் பிள்ளே. பாக்கி நான் தாறேன்."

எழுத்து இல்லை, சாட்சி இல்லை. அந்தச் சொல்லை நம்பி ஏலம் எடுத்தான். அடுத்த சில நாளில், மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து தாய்த் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று விளவங்கோட்டுப் பக்கம் எழுந்த ஊர்வலங்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஊர் ஊராக லத்தியும் கைதும். ஈசாக்கிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவன் முன்னால் பிச்சம்மாள் வந்து நின்று பணத்தைப் பற்றிக் கேட்டாள்.

"சக்கரம் கிட்டலைன்னா?"

"கிட்டும்."

"கிட்டலைன்னா கெட்டின நாலாயிரமும் போகும். மறு ஏலத்தில வெல கொறைஞ்சா அந்தக் கொறையும் நம்ம தலையிலயாக்கும். வக்கீலு சொன்னாருல்லா?"

"காலம்பறவே அபசகுனமா பேசாத."

"அவரு வேற ஒண்ணும் சொன்னாரு. பூதலிங்கம் அத்தான் தன்னோட கடனை மட்டும் கோர்ட்டில கெட்டினா ஏலமே ரத்தாகும்னாரு. ஏழாயிரத்துக்குள்ள தீந்துரும்னாரு. நாம கெட்டின நாலாயிரமும் நமக்குத் திரும்பி வரும்."

"தோட்டம் யாருக்கு? அண்ணாச்சிக்கு! நான் ஓடி நடந்து சக்கரம் உண்டாக்கி அவரு பேருக்குத் தோட்டமா?"

"அப்போ அண்ணாச்சிக்காக எடுத்தேன்னு ஊருல சொன்னது?"

சிவானந்தம் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினான்.

*

கிருஷ்ணன்குட்டியின் மீன் லாரி குளச்சலுக்குக் காலியாகப் போய்க்கொண்டிருந்தது. பழகிய முகம் என்பதால் சிவானந்தத்தை முன்னால் ஏற்றிக்கொண்டான்.

களியக்காவிளையில் சாலைக்குக் குறுக்கே மரத்தைப் போட்டு ரிசர்வ் போலீஸ் நின்றது. ஓரத்தில் நாலைந்து பேரை வெயிலில் முட்டிபோட வைத்திருந்தார்கள். ஒருவனுடைய வாய் கிழிந்து, ரத்தம் தாடையில் காய்ந்திருந்தது.

"இறங்ஙெடா!"

சிவானந்தம் இறங்கினான்.

"எவிடே போணு?"

"குழித்துறைக்கா சாரே. கொப்ரா எடுக்கான்."

"தமிழனாணோ?"

வீட்டில் தமிழும் கடையில் மலையாளமுமாகப் பேசி வளர்ந்தவன் அவன். இப்படி ஒரு கேள்வி வரும் என்று போன வருஷம் வரை அவனுக்குத் தெரியாது.

"பாறசாலைக்காரனாணு சாரே" என்றான்.

கேட்டது அதல்ல என்பது போல முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது காதோடு சேர்ந்து விழுந்தது. குனிந்தவனின் முதுகில் பூட்ஸ் கால் ஏறியது. தார் ரோட்டின் சூடு கன்னத்தில் ஒட்டியது. காதுக்குள் ஒரே இரைச்சல்.

"எண்டெ ஆளா சாரே! சந்தையில் கொப்ரா கச்சவடம்! ஒரு குழப்பத்துக்கும் போகாத்த ஆளா!" கிருஷ்ணன்குட்டி கையைக் கூப்பிக்கொண்டு நடுவில் வந்து விழுந்தான். அவனுக்கும் ஒன்று கிடைத்தது. அதன் பிறகுதான் விட்டார்கள்.

லாரி கிளம்பிய பிறகு, "திரிச்சு போகாம் அண்ணாச்சி" என்றான் கிருஷ்ணன்குட்டி. திரும்பிவிடலாமாம்.

"முடியாது. ஓட்டு" என்றான் சிவானந்தம். காதிலிருந்து வடிந்ததைத் தோள்துண்டால் அழுத்திக்கொண்டான்.

*

ஈசாக்கின் கிடங்கு இருந்த இடத்தில் நாலு கரிந்த சுவர்கள் நின்றன. மிளகும் முந்திரிக்கொட்டையும் எரிந்த நெடி இன்னும் போகவில்லை.

பின்வாசல் வழியாக ஈசாக்கின் மனைவி செல்லபாய் எட்டிப் பார்த்தாள். ஆளை அடையாளம் தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆத்துக் கரையில நம்ம மரச்சீனி விளை உண்டுல்லா, அதுக்க நடுவில காவல் குடிலு. ஆரும் காணாம போங்க. கால ஒடிச்சுப் போட்டானுவ பாவிக."

ஆள் உயரத்துக்கு நின்ற மரவள்ளிச் செடிகளுக்குள் குனிந்து குனிந்து போனான். குடிலுக்குள் ஓலைப்பாயில் ஈசாக் கிடந்தார். வலது முழங்காலுக்குக் கீழே மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. கால் வீங்கிக் கறுத்திருந்தது. பக்கத்தில் ஊன்றி நடக்க ஒரு புளியங்கம்பு. தலைமாட்டில் ஒரு தகரப் பெட்டி.

"வாரும் பிள்ளே. நீரு வருவீருன்னு தெரியும்."

"இன்னைக்காக்கும் கடைசி நாளு."

"தெரியும்." ஈசாக் கண்ணை மூடிக்கொண்டார். "ஒமக்குத் தாறேன்னு வச்சிருந்தது முழுக்கச் சரக்கா கெடங்கில கெடந்தது. வித்து வாங்கித் தரலாம்னு இருந்தேன். ஊர்வலத்துக்கு லாரி குடுத்தேன்னு கண்டு போலீஸ்காரனுவ தீய வச்சானுவ. எனக்க கையில இப்போ அஞ்சு பைசா இல்ல."

சிவானந்தத்தின் கண் தகரப் பெட்டியில் நின்றது.

"அதில?"

ஈசாக்கின் கை பெட்டியின் மேல் போயிற்று.

"அது எனக்குள்ளது இல்ல ஓய். போலீஸ் வெடிபட்டுச் செத்தவனுக்க வீடு உண்டு, ஜெயிலில கெடக்கவனுக்க வீடு உண்டு. அஞ்சாறு ஊருல பிரிச்ச ஏழாயிரம். நாளைக்கு அந்த வீட்டுப் பெண்டுக வாங்க வருவாளுவ."

"ஒரு மாசம். ஒரே மாசத்தில திருப்பித் தாறேன்."

"ஒரு மாசம் அவளுக பிள்ளைகளுக்கு எதக் குடுப்பா?"

"நீரு தாறேன்னு சொல்லித்தானே ஓய் நான் ஏலத்தில நின்னேன்! எனக்க பெண்டாட்டி கழுத்தில இன்னைக்குத் தாலிக்கொடி மட்டும் கெடக்கு!"

"நான் எட்டாயிரத்துக்குன்னு நினைச்சுச் சொன்னேன். பதினாறுக்கு ஏறச் சொன்னது ஆரு? தோட்டத்தையாக்கும் நீரு பாத்தீரு. எனக்க மடியில எவ்வளவு உண்டுன்னு கேட்டீரா?"

அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் சிவானந்தத்துக்குத் தலையில் ரத்தம் ஏறியது. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். ஈசாக் இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டார்.

"விடும் ஓய்!"

"கொன்னாலும் விட மாட்டேன் பிள்ளே."

சிவானந்தம் அவருடைய ஒடிந்த காலை மிதித்தான்.

வேண்டுமென்றேதான் மிதித்தான். ஈசாக் போட்ட அலறலில் விளையில் இருந்த காக்கைகள் எழும்பின. அப்படியும் அவர் பிடியை விடவில்லை. ஒரு கையால் சிவானந்தத்தின் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தார். மூச்சு முட்டியது. தரையில் துழாவிய கைக்குப் புளியங்கம்பு கிடைத்தது.

ஒரு அடி. பிடி தளரவில்லை. இன்னொரு அடி. ஈசாக்கின் தலை குடிலின் கல்தூணில் மோதியது. கழுத்திலிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

சிவானந்தம் நோட்டுக் கட்டுகளை எடுத்து வேட்டிக்கு உள்ளே இடுப்போடு சுற்றிக் கட்டினான். பாயில் கிடந்தவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய ரோட்டை விட்டு விலகி, வயல் வரப்பு வழியாக நெய்யாற்றின்கரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

*

அவன் வரப்பில் ஓடிய அதே நேரத்தில் பாறசாலை வீட்டின் கதவு உதைபட்டுத் திறந்தது.

பூதலிங்கத்தின் கையில் ரப்பர் தோட்டத்தில் காடு வெட்டும் வெட்டுக்கத்தி இருந்தது. வழியில் கொப்பரைக் கடையின் பலகைக் கதவை அதனால் பிளந்துவிட்டு வந்திருந்தார். வாயில் சாராய நெடி.

"எங்கடி அவன்? கூடப் பெறந்தவனுக்க முதுகில குத்துனவன் எங்க?"

"அவரு இங்க இல்ல அத்தான். கத்தியக் கீழ வைங்க."

"என்னைத் தெருவில எறக்கிட்டு ஆரியங்கோட்டில நீங்க மாளிகை கெட்டவா? வேலாயுதன் எல்லாம் சொன்னான். ரெண்டு பேரும் பாங்குக்காரனோட சேந்து ஆடுன கூத்து இது!"

கத்தியால் தூணை வெட்டினார். மாடத்தில் இருந்த விளக்கு சிதறியது. உள்ளே புகப் போனவரைப் பிச்சம்மாள் குறுக்கே நின்று தடுத்தாள். பூதலிங்கம் அவளுடைய கையைப் பிடித்து முறுக்கி வெளியே தள்ளினார். அவள் போய் ஆட்டுரலின் மேல் விழுந்தாள். விழுந்த சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது.

அவள் கத்தவில்லை. எழுந்து உட்கார்ந்தபோது இடது முன்கை, இருக்கக் கூடாத ஒரு கோணத்தில் தொங்கியது.

பூதலிங்கத்துக்கு வெறி இறங்கிவிட்டது. கத்தி கையிலிருந்து நழுவியது.

"பிச்சம்மா... நான்..."

"தொடாதீங்க." வலியில் அவளுடைய உதடு வெளுத்திருந்தது. "ஏலத்தில கெட்டினது எனக்க நகை. பாங்குக்காரனை நான் கண்ணால பாத்தது இல்ல. உங்க தம்பிக்கு ஆசை இருந்தது, இல்லைங்கல. ஆனா கடன வாங்கினது நீங்க, திருப்பிக் கெட்டாதது நீங்க. இன்னைக்கு அவரு பாக்கி கெட்டலைன்னா மறு ஏலம். வேலாயுதன் பாதி வெலைக்கு எடுப்பான். அதுக்காக்கும் உங்களுக்குச் சாராயம் வாங்கித் தந்து இங்க அனுப்பினான்."

சாராயம் வாங்கித் தந்தது வேலாயுதன்தான் என்பது பூதலிங்கத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருந்தது.

பிச்சம்மாள் சேலைத் தலைப்பைப் பல்லால் கிழித்து, ஒடிந்த கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டினாள்.

"வண்டி பிடிங்க."

"ஆஸ்பத்திரிக்கா?"

"கோர்ட்டுக்கு."

*

கோர்ட் வாசல் மாமரத்தடியில் வக்கீல் மோகனன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிவானந்தம் வந்து சேர்ந்த கோலத்தைக் கண்டு ஒரு கணம் திகைத்தார். ஒரு காது கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தது. சட்டையெல்லாம் ரத்தம்.

"எத்ர உண்டு?"

"ஏழாயிரம். இதை இப்போ கெட்டிக்கிட்டு, பாக்கிய..."

"பாதிப் பணத்தைக் கோர்ட் தொடாது சிவானந்தம். கட்டினால் முழுசும் கட்ட வேண்டும். இல்லையென்றால் கட்டிய நாலாயிரமும் போச்சு." வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "நான் அன்னைக்குச் சொன்ன வழிதான் பாக்கி. உங்க அண்ணன் பேரில் பெட்டிஷன் எழுதி வச்சிருக்கேன். அவர் கையெழுத்துப் போட்டு இந்தப் பணத்தைக் கட்டினால் ஏலம் ரத்து. தோட்டம் அவருக்கு, நாலாயிரம் உங்களுக்கு. பக்‌ஷே அவர் வரணுமே?"

வந்துகொண்டிருந்தார். குதிரை வண்டியிலிருந்து பூதலிங்கம் இறங்கினார். பின்னால் பிச்சம்மாள். அவளுடைய கழுத்தில் தொங்கிய கையைப் பார்த்ததும் சிவானந்தத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எலே, அவளையா தொட்டே!"

அண்ணாச்சி என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. பாய்ந்து பூதலிங்கத்தின் வாயில் குத்தினான். வயது ஐம்பது ஆனாலும் தோட்ட வேலையில் உரமேறிய உடம்பு பூதலிங்கத்துக்கு. தம்பியின் வீங்கிய காதிலேயே திருப்பி அறைந்தார். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு கோர்ட் படிக்கட்டில் உருண்டார்கள். கேஸுக்கு வந்த கூட்டம் வளையமாகச் சேர்ந்தது. சேவகன் ஓடிவந்து இருவரையும் இழுத்தான், முடியவில்லை. வராந்தாவில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த வேலாயுதனின் முகத்தில் மட்டும் நல்ல களை இருந்தது.

"கோர்ட் மூடப் போறாங்க" என்றாள் பிச்சம்மாள்.

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் கேட்டது. மேலே கிடந்த பூதலிங்கம் ஓங்கிய கையை இறக்கினார்.

வக்கீல் காகிதத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னார். பூதலிங்கம் தலையை ஆட்டினார். உதட்டிலிருந்து ரத்தம் சொட்டியது.

"இவன் பிச்சையில எனக்குத் தோட்டம் வேண்டாம். போகட்டும். போயித் தொலையட்டும்."

பிச்சம்மாள் அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"பிச்சை இல்ல அத்தான். என் கைய ஒடிச்ச கை ஒரு கையெழுத்துப் போடட்டும். அவ்வளவுதான் கேக்கேன்."

பூதலிங்கம் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

சிவானந்தம் இடுப்பிலிருந்து நோட்டுக் கட்டுகளை அவிழ்த்தான். வியர்வையில் நனைந்திருந்தன. பணம் கட்டும் ஜன்னலில் குமாஸ்தா எண்ணி முடித்து ரசீது எழுதியபோது வராந்தாவில் வேலாயுதனைக் காணவில்லை.

பதினாறாயிரத்துக்கு எடுத்த தோட்டம் சிவானந்தத்தின் கையை விட்டுப் போயிற்று. அடகிலிருந்து நகை ஒரு நாள் திரும்பிவிடும். எல்லாம் முடிந்தது என்று அவன் மூச்சு விட்டான்.

"ஈசாக் அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்டாள் பிச்சம்மாள்.

அவன் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"பன்னிரண்டு தாறேன்னவரு ஏழு தந்திருக்காரு. வேற என்ன சொன்னாரு?" அவளுடைய கண் அவன் சட்டையின் முன்பக்கத்துக்கு இறங்கியது. "காதில அடிபட்டா தோளில வடியும். நெஞ்சில இது என்ன? யாரு ரத்தம்?"

"அவரு தரல்லை." சிவானந்தம் சட்டையின் முன்பக்கத்தைக் கையால் மறைத்தான். "வெடிபட்டுச் செத்தவங்க வீட்டுக்குன்னு வச்சிருந்தாரு. அடிச்சு எடுத்தேன்."

"சீவன் உண்டா?"

"திரும்பிப் பாக்கல."

பூதலிங்கம் கையிலிருந்த ரசீதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிச்சம்மாள் நல்ல கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கை ஒடிந்தபோது வராத கண்ணீர் இப்போது வந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

"அத்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாரு. நீங்க குழித்துறைக்குப் போங்க."

"போலீஸ் பிடிச்சுப் போடும் பிச்சம்மா."

"பிடிக்கட்டும். அவருக்கு உயிரு உண்டுன்னா தோளில தூக்கிட்டு வைத்தியருட்ட ஓடுங்க. இல்லைன்னா செல்லபாய் அக்கா முன்னால போய் நில்லுங்க. ரெண்டில ஒண்ணு செய்யாம நம்ம வீட்டு நடையில ஏறாதீங்க."

அவள் திரும்பி வண்டியை நோக்கி நடந்தாள். பூதலிங்கம் ஒரு நிமிஷம் தம்பியைப் பார்த்து நின்றார். பிறகு அவள் பின்னால் போனார்.

சிவானந்தம் பெரிய ரோட்டுக்கு வந்தான். நெய்யாற்றின்கரைச் சந்தையில் மீனை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கிருஷ்ணன்குட்டியின் லாரி, கையைக் காட்டியதும் நின்றது.

"குழித்துறைக்கோ? இனியுமா?" கிருஷ்ணன்குட்டி பதறிவிட்டான். "போகண்டா அண்ணாச்சி. நான் வரும்போது கண்டதாணு. ஈசாக் முதலாளியைத் தேடி ரெண்டு வண்டி போலீஸ் அந்த மரச்சீனி விளைக்குள்ள கேறியிருக்கு. விளை மொத்தம் வளைஞ்சு நிக்குந்நு."

சிவானந்தம் லாரிச் சக்கரத்தில் காலை வைத்து ஏறி உட்கார்ந்தான். கதவை இழுத்துச் சாத்தினான்.

"வண்டிய எடு" என்றான்.